ஏத்திட்டு வர்ற வேன் ஏன் சும்மா இறங்குது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் இலங்கை மலையகத்துல, பொகவந்தலாவ பக்கம் சின்னதா ஒரு போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், 14 வருசமாச்சு. போர்டுல போன்னு மட்டும்தான் எழுதியிருக்கு, ஆனா தேயிலைத் தோட்டத்துல இருந்து வர்றவங்களுக்கு அதெல்லாம் கணக்கே இல்ல, டிவி ரிமோட், சார்ஜ் டோர்ச், ரைஸ் குக்கர், கரண்ட் கேத்தல், டிஷ் பொக்ஸ்னு எதையாச்சும் சொப்பிங் பேக்ல சுத்தி கொண்டாந்து மேசையில வச்சிட்டு தம்பி இத கொஞ்சம் பாருங்கன்னு ஸ்டூல்ல உக்காந்துருவாங்க. பாக்குறேன். பாதி சரியாகும், மீதி ஆகாது. ஆகாதத திருப்பி கொண்டு போங்கன்னா யாரும் கொண்டு போறதில்ல, "எங்க காம்பரா ரூமுல வைக்க எடமில்ல தம்பி, நீங்களே எங்கயாச்சும் போடுங்க"ன்னு எழும்பி போயிருவாங்க. அந்த "எங்கயாச்சும்" எதுன்னு கேக்கத்தான் இந்த கடிதம்.

உங்க பேப்பர்ல பொலித்தீன் பத்தி, டெங்கு பத்தி எல்லாம் அடிக்கடி வருது, நல்ல விசயம். ஆனா இந்த இலத்திரனியல் கழிவு பத்தி மலையகத்துக்குன்னு யாரும் எழுதி நான் படிச்சதில்ல. ஏதோ கொழும்புல கொம்பியூட்டர் கம்பனிக்காரங்க பிரச்சினை மாதிரி நினைச்சிட்டு இருக்கோம். என் மேசைக்கு கீழ 3 உர பேக் நிறைய செத்த போர்டு இருக்கு ஐயா, அதுக்கு பக்கத்துல ஒரு பிஸ்கட் டின், அதுல மணல் போட்டு ஊதிப்போன பேட்டரிய வைக்கிறேன். ஏன் மணல்னா, ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு நாள் சாயங்காலம் கடைய பூட்டுற நேரம் பழைய பேட்டரி வச்சிருந்த பேக்குக்குள்ள இருந்து புஸ்ஸுன்னு புகை வந்துச்சு, தூக்கி ரோட்டுல எறிஞ்சேன், கைல பட்டது இன்னும் தழும்பா இருக்கு. அன்னைக்கு நான் அஞ்சு நிமிசம் முன்னாடி பூட்டிட்டு போயிருந்தா பக்கத்து தையல் கடையும் சேந்து போயிருக்கும்.

முந்தியெல்லாம் இவ்வளவு இல்ல. ஒரு டிவி வாங்குறதுன்னா தீபாவளி முற்பணம் வந்தாத்தான், அட்டன் டவுனுக்கு போய் கடை முதலாளிகிட்ட பேசி, லொறியில ஏத்தி, லயத்துக்கு, அதாவது எங்க தோட்டத்து வரிசை வீட்டுக்கு, கொண்டு வந்தா அது 15 வருசம் ஓடும். பழுதானா அதே முதலாளிகிட்ட போய் சத்தம் போடலாம், ஆள் அங்கதான் இருப்பாரு, எங்க போயிருவாரு. இப்ப அப்படியா? பிள்ளைங்க எல்லார் கைலயும் போன் இருக்கு, படுத்துக்கிட்டே ஓர்டர் போடுறாங்க, மூணு நாள்ல வேன் வருது, பாலத்தடியில நின்னு ஹோர்ன் அடிக்கிறாங்க, காச குடுத்து பார்சல வாங்கிக்கிறோம். நான் அத குறை சொல்லல, நானும் வாங்குறவன்தான். டவுனுக்கு போக வர பஸ் காசு, ஒரு நாள் பேர், அதாவது நாள் சம்பளம், போயிரும், அதுக்கு இது லாபம்தானே.

என் கதையவே சொல்றேன். போன வருசம் அப்பாவுக்கு தலையில மாட்டுற டோர்ச் ஒண்ணு ஒன்லைன்ல எடுத்தேன். எங்க லயத்துல கக்கூசு இருக்கிறது பின்னுக்கு, சிறுத்தை நடமாட்டம் வேற, ராத்திரி லைட் இல்லாம வெளிய காலு வைக்க ஏலாது. நாலு மாசம் முழுசா ஓடல. சார்ஜ் ஏறுது, ரெண்டு நிமிசத்துல மங்கிருது. பார்சல்ல இருந்த நம்பருக்கு எடுத்தா வேலை செய்யல, அந்த பேஸ்புக் பேஜ தேடிப் பாத்தா பேர் மாறி இப்ப செருப்பு விக்குது. சரின்னு நானே கழட்டிப் பாத்தேன், உள்ள ஒரு சின்ன ஈய பேட்டரி, தீப்பெட்டி ரெண்ட சேத்து வச்ச அளவு, முனையில வெள்ளையா பூத்து, ஓரத்துல கசிஞ்சு, பிளாஸ்டிக்க தின்னு வச்சிருக்கு. புளிச்ச வாடை. புது பேட்டரி போடலாம்னு பாத்தா அதோட விலை டோர்ச்சோட விலைக்கு கிட்ட வருது. இப்படி ஒண்ணு ரெண்டு இல்ல, மழைக்காலத்துல வாரத்துக்கு அஞ்சாறு டோர்ச் என் மேசைக்கு வருது. எங்க பக்கத்து பனிக்கும் ஈரத்துக்கும் சாமான் சீக்கிரம் போகும், லயத்து கடைசி வீட்டுல சாயந்தரமானா வோல்டேஜ் இறங்கிரும் அதுலயும் போகும், அதோட சாமானே மட்டம், எல்லாம் சேந்து மலையில ஒரு சாமானோட ஆயுசு கொழும்புல ஓடுறதுல பாதிதான்னு என் கணக்கு.

சரி இத எங்க போடுறது? டவுனுக்குள்ள குப்பை டிராக்டர் வருது, அதுல போட்டா போட்டதுதான், வாழைத்தோலும் பேட்டரியும் ஒரே குழியில. தோட்டத்துக்குள்ள அதுவும் இல்ல. 1987ம் வருசத்து பிரதேச சபை சட்டத்துல 33ம் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, அத காட்டித்தான் தோட்டத்துக்குள்ள சபை வேலை செய்ய ஏலாதுன்னு வருசக்கணக்கா சொல்லிட்டு இருந்தாங்க, 2018ல அத திருத்துனாங்க. திருத்தி இத்தன வருசமாச்சு, எங்க டிவிசனுக்கு டிராக்டர் இன்னும் வழி தெரியாம நிக்குது போல. ஆகவே ஆளுக்கு ஆள் வழி கண்டுபிடிச்சிருக்காங்க. சிலர் தண்ணி ஓடுற கான்ல போடுறாங்க, சிலர் தேயிலை மலைக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துல. டித்வா புயலடிச்ச நேரம் வீட்டுக்குள்ள சேறு பூந்து போன டிவி, பிரிஜ், பேன் எல்லாத்தையும் ஜனங்க என்ன செய்வாங்க பாவம், உயிர் தப்புனதே பெரிசு, மண்ணோட மண்ணா அள்ளி ஓரமா தள்ளிட்டாங்க.

இன்னொண்ணு நான் என் கண்ணால பாக்குறது. லயத்துக்கு பின்னுக்கு சனி ஞாயிறுல பொடியங்க ரெண்டு பேர் வயர் எரிப்பாங்க. பத்து பன்னெண்டு வயசுதான் இருக்கும். பழைய சார்ஜர் வயர், டிஷ் வயர், ஸ்பீக்கர்ல சுத்துன கொயில் எல்லாத்தையும் ஒரு தகரத்துல வச்சு சருகு போட்டு கொளுத்துவாங்க, கறுப்பா புகை சுருண்டு சுருண்டு லயத்து கூரைக்கு மேல போகும், தொண்டை அரிக்கும், பிறகு ஒரு குச்சியால கிண்டி செம்பு கம்பிய எடுத்து இரும்பு யாவாரிகிட்ட குடுப்பாங்க. அவரு வாரத்துக்கு ஒருக்கா திரீவீல்ல வர்றவரு, செம்புக்கு நல்ல விலை குடுக்கிறாரு, அலுமினியத்துக்கு குடுக்கிறாரு, போர்டுன்னா கையால தட்டி விட்டுருவாரு. அவரு மேல தப்பு சொல்ல ஏலாது, இருக்கிற ஒரே ஆள் அவருதான். ஆனா வயர் மேல இருக்கிற அந்த பிளாஸ்டிக் பிவிசி, அத எரிச்சா டயொக்சின்னு ஒரு நஞ்சு வருது, அது உடம்புல கொழுப்புல தங்கிரும், லேசுல போகாது. ஈயம் அதவிட மோசம், சின்ன பிள்ளைங்க மூளை வளர்ச்சியவே அடிக்குது. நாங்க ரிப்பேருக்கு உருக்கி ஒட்டுற சாதாரண சோல்டர் ஈயத்துல 100க்கு 40 பங்கு கிட்ட அசல் ஈயம், மீதி வெள்ளீயம். பழைய பெரிய பெட்டி டிவி கண்ணாடிக்குள்ள கிலோ கணக்குல ஈயம் இருக்கு. இத படிச்ச பிறகுதான் நானே கடையில ஜன்னல திறந்து வச்சிட்டு ஈயம் வைக்கப் பழகுனேன், அதுக்கு முந்தி 10 வருசம் மூக்கு நிறைய இழுத்துட்டுத்தான் இருந்தேன்.

நாங்க குடிக்கிற பீலித்தண்ணி எங்க இருந்து வருது? மலை உச்சியில இருந்து. நாங்க போட்டது எங்க போகுது? கெசல்கமு ஓயா ஆத்துல இறங்கி காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு போகுது, அங்க இருந்து கீழ இறங்கி மஸ்கெலி ஓயாவோட சேந்து களனி கங்கையாகுது, அந்த களனித் தண்ணியத்தான் அம்பத்தளையில சுத்தம் செஞ்சு கொழும்புக்கு குடுக்கிறாங்க. ஆகவே இது தோட்டத்து ஆளுங்க பிரச்சினைன்னு கொழும்புல யாராவது நினைச்சா, ராத்திரி சாப்பிட்டுட்டு ஒரு கிளாஸ் தண்ணி குடிக்கும்போது எங்கள கொஞ்சம் நினைச்சுக்கட்டும்.

சட்டமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. 1980ம் வருசத்து தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு கீழ 2008 பெப்ரவரி 1ம் திகதி 1534/18ம் இலக்க வர்த்தமானி வந்திருக்கு. அதுப்படி இந்த மாதிரி ஆபத்தான கழிவ சேக்கிறதுக்கு, ஏத்துறதுக்கு, வைக்கிறதுக்கு, பிரிச்சு எடுக்கிறதுக்கு எல்லாத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபை லைசன்ஸ் வேணும். நல்ல சட்டம்தான். ஆனா அது கழிவ தொடுறவன பாத்து கேள்வி கேக்குதே தவிர, சாமான வித்தவன பாத்து ஒண்ணும் கேக்கல. லைசன்ஸ் உள்ள ஆளுங்க எனக்கு தெரிஞ்சு பெரும்பாலும் கொழும்பு, கம்பஹா பக்கம். என் 3 பேக்குக்காக அங்க இருந்து லொறி மேல வராது, நான் இறக்கணும்னா வேன் கூலி நானே குடுக்கணும். ரிப்பேருக்கு 500 ரூபா வாங்குற கடைக்காரன் அத எங்க இருந்து குடுப்பான்.

வெளிநாட்டுல எப்படின்னு கொஞ்சம் தேடிப் படிச்சேன், ராத்திரி கடையில கரண்ட் இருக்கிற வரைக்கும். அமெரிக்காவுல கலிபோர்னியாவுல 2005 ஜனவரி 1ல இருந்து ஸ்க்ரீன் உள்ள சாமான் வாங்கும்போதே ஒரு ரீசைக்கிளிங் கட்டணம் வாங்குறாங்க. தொடங்குனப்ப ஸ்க்ரீன் அளவுக்கு ஏத்த மாதிரி 6, 8, 10 டொலர். கடையில வாங்குனாலும் சரி ஒன்லைன்ல வாங்குனாலும் சரி, பில்லுல அது தனி வரியா இருக்கும். கடைக்காரரு 100க்கு 3 தன் சிரமத்துக்கு வச்சுக்கலாம், மிச்சம் ஒரு நிதிக்கு போகுது, அந்த நிதியில இருந்து பழைய டிவிய சேத்து உடைச்சு பிரிக்கிறவங்களுக்கு எடைக்கு ஏத்த மாதிரி காசு போகுது. 2026 ஜனவரி 1ல இருந்து, கழட்ட ஏலாதபடி பேட்டரி உள்ளுக்குள்ளயே வச்சு வர்ற சாமானையும் சேத்துட்டாங்க, விலையில 100க்கு ஒண்ணரை, கூடினா 15 டொலர். அதாவது என் அப்பாவோட டோர்ச் மாதிரி சாமான்தான்.

ஜப்பான்ல வேற மாதிரி. அங்க 2001ல இருந்து டிவி, பிரிஜ், வோசிங் மெசின், ஏசி நாலையும் தூக்கி போடும்போது காசு கட்டணும். எனக்கு அது எங்க ஊருக்கு சரிவராதுன்னு படிக்காமலே சொல்ல முடியும், தூக்கி போடுறதுக்கு காசு கேட்டா யாரு குடுப்பா, ராத்திரியோட ராத்திரியா பள்ளத்துல உருட்டி விட்டுருவாங்க. அவ்வளவு ஒழுங்கான ஜப்பான்லயே மலைப்பக்கம் கொண்டு போய் கொட்டுறவங்க இருந்தாங்க. ஆகவே காசு வாங்குறதுன்னா விக்கும்போது வாங்கணும், கொண்டு வந்து குடுக்கும்போது சும்மா எடுக்கணும், முடிஞ்சா கைல ஒரு 50 ரூபாயாச்சும் குடுக்கணும், அப்பத்தான் அந்த வயர் எரிக்கிற பொடியனும் எரிக்காம கொண்டாந்து குடுப்பான்.

கட்டணம்னா உடனே எங்க ஆளுங்களுக்கு கோவம் வரும், எனக்கும் வரும். நாள் சம்பளத்துல ஓடுற வீட்டுக்கு இன்னொரு சுமையான்னு. நியாயம்தான். ஆனா சும்மான்னு நினைச்சிட்டு இருக்கிற நேரமும் நாமதான் கட்டுறோம், தண்ணியில கட்டுறோம், பிள்ளை இருமல்ல கட்டுறோம். 2025 நவம்பர் 1ல இருந்து கடையில சொப்பிங் பேக் சும்மா குடுக்கக் கூடாது, காசு வாங்கி பில்லுல காட்டணும்னு கொண்டு வந்தாங்க, முதல் வாரம் எல்லாரும் முணுமுணுத்தோம், இப்ப எங்க அம்மா பழைய மா பேக்க தச்சு கைல கொண்டு போறாங்க. ஒரு பேக்குக்கு செய்ய முடிஞ்சத ஒரு பவர் பேங்குக்கு செய்ய ஏலாதா? 3000 ரூபா கேத்தலுக்கு 30, 40 ரூபா, ஒன்றரை லட்சம் போனுக்கு அதுக்கு தக்க கூட, அப்படி விலைய பாத்து வாங்குனா எங்கள மாதிரி ஆளுங்கள பெரிசா கடிக்காது.

என் பயம் வேற இடத்துல. காச வாங்குவாங்க, அது மலைக்கு வராது. 2008லயே சுற்றாடலுக்குன்னு ஒரு வரிச் சட்டம் வந்துச்சு, 26ம் இலக்கம், கைத்தொலைபேசி பாவனையிலயும் வெட்டுனாங்க. பிறகு 2011ல டெலிகொம் வரின்னு புதுசா ஒண்ணு வந்து இதுவும் அதுக்குள்ள போயிருச்சு. அந்த ரெண்டு மூணு வருசம் எங்க ரீலோட்ல இருந்து போன காசுக்கு இந்த டவுன்ல பேட்டரி போட ஒரு பெட்டி வச்சு நான் பாக்கல. திறைசேரிக்குள்ள போன காசும் கிணத்துக்குள்ள போட்ட கல்லும் ஒண்ணுதான். ஆகவே கட்டணம் வந்தா அது தனி கணக்குல இருக்கணும், அதோட தூரத்துக்கு ஏத்த மாதிரி பிரியணும், கொழும்புல ஒரு கிலோ சேக்கிற செலவும் பொகவந்தலாவையில இருந்து ஒரு கிலோ இறக்குற செலவும் ஒண்ணு இல்ல.

இப்ப இறக்குறது பத்தி. இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது, மத்ததெல்லாம் வழியில வந்தது. என் கடைக்கு முன்னுக்கே பார்சல் வேன் நிக்கும். காலையில கூரை முட்ட நிறைச்சிட்டு வருவாங்க, பின்னேரம் கதவ திறந்து காட்டுனா உள்ள ஒரு பழைய ரெக்சின் சீட்டும் டிரைவர் தம்பியோட குடையும் தவிர ஒண்ணுமில்ல. வெறும் வேன் கினிகத்தேன தாண்டி கீழ இறங்குது, தினமும். அதே வேன் ஏன் செத்த சாமான ஏத்திட்டு போகக் கூடாது? ஐரோப்பாவுல 20 வருசமா இதத்தான் செய்றாங்க, புது சாமான் குடுக்கிறவன் அதே மாதிரி பழைய சாமான் ஒண்ண காசு வாங்காம எடுக்கணும்னு சட்டம். ஜெர்மனியில இன்னும் ஒரு படி மேல போய், 400 சதுர மீட்டருக்கு மேல ஸ்டோர் வச்சிருக்கிற ஒன்லைன் கடைங்களும் எடுக்கணும்னு இருக்கு. 2023 ஜூலையில இருந்து அங்க மின் சாமான் விக்கிறதுக்கான பதிவு நம்பர் இல்லாத கம்பனி சாமான ஒன்லைன் சந்தைங்க விக்க விடவே கூடாது, வித்தா அந்த சந்தைக்காரங்களுக்கும் தண்டம்.

இங்க பேஸ்புக்ல விக்கிறவங்கள எப்படி பிடிக்கிறதுன்னு கேப்பீங்க. மொபைல் போன எப்படி பிடிச்சாங்க? 2025 தொடக்கத்துல இருந்து புதுசா நெட்வொர்க்ல சேர்ற போன் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவுல பதிவான ஐஎம்ஈஐ நம்பரோட, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பரோட, இருக்கணும்னு கொண்டு வந்தாங்க. என் கடைக்கு வர்ற பாட்டிங்க கூட இப்ப அந்த நம்பர கேட்டு வாங்குறாங்க. அதே மாதிரி கரண்ட்லயோ பேட்டரியிலயோ ஓடுற எந்த சாமான விக்கிறவனும் பதிவு நம்பர் எடுக்கணும், அந்த நம்பர் பார்சல் மேல இல்லன்னா கூரியர்காரங்க பார்சல ஏத்தவே கூடாதுன்னு ஒரு விதி போட்டா போதும். பேஜ் பேர மாத்தி செருப்பு வித்தாலும் நம்பர் மாறாது. வெளிநாட்டுல இருந்து நேரா வர்ற பார்சலுக்கு சுங்கத்துல எப்படியும் காசு வாங்குறாங்க, அங்கயே இதையும் பிடிக்கலாம்.

ஒரு விசயத்துல எனக்கே யோசனை இருக்கு. ஊதுன பேட்டரிய சாதாரண பார்சலோட வேன்ல போட்டா வேனே எரியும், அனுபவிச்சவன் சொல்றேன். ஆகவே அதுக்கு தனியா மூடி உள்ள தகர பெட்டி, உள்ள மணல், பேட்டரி முனையில டேப் ஒட்டி, ஊதாதது வேற ஊதுனது வேறன்னு பிரிச்சு குடுக்கணும். இத வேன்காரங்க செய்ய மாட்டாங்க, செய்யவும் தெரியாது. ஆனா எங்கள மாதிரி ரிப்பேர் கடைங்க நானுஓயாவுல இருக்கு, தலவாக்கலையில இருக்கு, மஸ்கெலியா, பண்டாரவளை, அப்புத்தளை எல்லா டவுன்லயும் நாலஞ்சு இருக்கு. ஒரு நாள் பயிற்சியும் ஒரு பெட்டியும், கிலோவுக்கு இவ்வளவுன்னு ஒரு கணக்கும் குடுத்தா நாங்க செஞ்சிருவோம். எங்களுக்குத்தான் போர்ட பாத்த உடனே எது நஞ்சு எது காசுன்னு தெரியும். தபால் கந்தோர்லயும் ஒரு பெட்டி வைக்கலாம், தோட்டத்து ஜனம் எப்படியும் கடிதம், காசு எடுக்க அங்க வருது.

2022ல மட்டும் உலகத்துல 6 கோடியே 20 லட்சம் தொன் மின் கழிவு சேந்திருக்குன்னு ஐநா அறிக்கை சொல்லுது, அதுல ஒழுங்கா சேத்து ரீசைக்கிள் செஞ்ச கணக்கு 100க்கு 22 பங்கு கிட்டத்தான். அதுல என்னோட பங்கு இந்த 3 பேக். நிறுத்துப் பாத்தேன், ரெண்டு பேக் சேத்து 41 கிலோ, மூணாவது பேக்ல பெட்டி டிவி கழுத்து கண்ணாடி இருக்கிறதால தனியா கட்டி வச்சிருக்கேன், அத தூக்குறவங்க கையுறை போட்டுட்டு தூக்கணும். பிஸ்கட் டின்ன மட்டும் வேன்ல பின்னுக்கு போட வேணாம். இத படிக்கிற அதிகாரிங்க யாராவது ஆள் அனுப்புறதா இருந்தா பௌர்ணமி போயா நாள்ல கடை பூட்டு, மத்த நாள்ல காலையில 9 மணிக்கு திறந்திருவேன், மழை பெஞ்சா கொஞ்சம் சுணங்கும்.

இப்படிக்கு,
போன் ரிப்பேர் கடைக்காரன்,
பொகவந்தலாவ.